மன்னாரின் கிறவல் வழிகளும் துவிச்சக்கர வண்டியும்

ஒரு நாட்டின் வரலாற்றை அதன் கோட்டைகளிலும் கோயில்களிலும் தேடுவார் பலர். அதன் வழிகளிலே தேடுவார் சிலரே. பழந்தமிழில் வழியைக் குறிக்க அதர், நெறி, தடம், சுரம் எனச் சொற்கள் பலவுள. அவற்றுள் ‘ஆறு’ என்னுஞ் சொல் நீரோடுமிடத்தையும் மக்கள் நடக்கும் வழியையும் ஒருங்கே குறித்தல் நோக்கற்பாலது. இவ்விரு பொருளும் வேறுவேறல்ல என்பதற்கு மன்னார்ப் பெருநிலப்பரப்பைப்போற் பொருத்தமான சான்று பிறிதொன்றைக் காண்டல் அரிது. அநுராதபுரத்தைச் சார்ந்து வரும் மல்வத்து ஓயா, தமிழர் வாழும் பகுதிக்குள் அருவியாறு என்னும் பெயர்பெற்று, அரிப்புக்கு அண்மையிற் கடலோடு கலக்கின்றது. மாதோட்டத் துறைமுகத்திலிருந்து பழைய தலைநகருக்குப் பொருள்கள் சென்ற வழி இவ்வாற்றின் பள்ளத்தாக்கை ஒட்டியதே. கண்டி அரசில் 1660ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயனாகிய றொபேட் நொக்ஸ், தன் தோழன் ஒருவனோடு தப்பியோடியபோது இந்த ஆற்றின் போக்கையே வழிகாட்டியாகக் கொண்டு காட்டினூடே நடந்து, 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் நாள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். வீதியென ஒன்று இல்லாதவிடத்து ஆறே ஆறாயிற்று.

இத்தகைய வழிகளைப் பற்றி இன்று மீண்டும் எண்ணவேண்டிய நிலை, சற்றும் எதிர்பாராத ஒரு திசையிலிருந்து தோன்றியுளது. மேல்நாடுகளில் அண்மைக் காலத்திற் பெருகிவரும் பொழுதுபோக்குகளுள் ஒன்று, மோட்டார் வண்டிகள் செல்லாத கிறவற் பாதைகளில் துவிச்சக்கர வண்டியிற் செல்லுதல். தார் வீதிகளில் விரையும் ஊர்திகளுக்கு அஞ்சியும், அவற்றின் புகைக்கும் ஓசைக்கும் ஒதுங்கியும், வண்டியோட்டிகள் பழைய மண்பாதைகளை நாடலாயினர். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துப் புல்வெளிக் குன்றுகளிடையே 200 மைல் தூரங்கொண்ட கிறவற் போட்டியொன்று 2006ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு முதல் இத்துறைக்கென உலகச் சாம்பியன் போட்டியும் நடைபெறுகின்றது. ஆயினும், இவை யாவற்றினும் நம்மவர் கருத்தில் இருத்தத்தக்கது இத்தாலி நாட்டுச் செய்தியொன்றாகும். தஸ்கனி மாநிலத்திலே சுண்ணக்கல் நொறுங்கி வெண்மையாகத் தோன்றும் கிறவல் வீதிகள் பலவுண்டு. அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தார்பூசி மறைக்கப்படுவதைக் கண்ட அன்பர் சிலர், 1997ஆம் ஆண்டு பழைய துவிச்சக்கர வண்டிகளிலே அவ்வீதிகளிற் செல்லும் விழாவொன்றைத் தொடங்கினர். விழாவின் நோக்கம் பந்தயமன்று, வீதியைக் காத்தலே. பயன்படாத வழியை அரசு பேணாது. பயனுண்டெனக் காட்டினால் அது தப்பும் என்பது அவர்தம் கணக்கு. அக்கணக்குப் பொய்க்கவில்லை.

கிறவல் வழிச் செலவு என்றதும் மலைநாடே பலர் நினைவுக்கு வரும். இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களுக்கு வெட்டிய பழைய பாதைகளை இணைத்து, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்தில், 22 பகுதிகளாக, நடைவழியொன்று அமைக்கப்பட்டுளது. மன்னாரிலோ மலை இல்லை. தீவு முழுவதும் கடல்மட்டத்தினின்றும் சில மீற்றர் உயரமே கொண்ட மணற்பரப்பு. ஏறுவதற்கு மேடில்லை, இறங்கி இளைப்பாறப் பள்ளமுமில்லை. ஆனால் மேடு செய்யும் வேலையை ஈண்டு வேறு இரண்டு செய்கின்றன. ஒன்று காற்று, மற்றொன்று மண்.

காற்றினை முதலிற் காண்போம். மன்னார்த் தீவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடப்பது. அதன் ஒரு முனையில் தலைமன்னார். மறுமுனையில் மன்னார் நகர். இடைத்தூரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோழகமாயினும், மாரியில் வீசும் வாடையாயினும், இரண்டும் தீவின் நீளத்துக்குக் குறுக்கேயே வீசுகின்றன. இதனால் வண்டியோட்டிக்கு நேரும் நிலை விந்தையானது. போகும்போது எதிர்த்த காற்று வரும்போது தள்ளும் என்னும் ஆறுதல் அவனுக்கில்லை. இருபோதும் விலாப்புறத்தே மோதும். மலையேறுவோன் உச்சியை அடைந்தபின் இளைப்பாறலாம், சோழகத்துக்கோ உச்சியில்லை. இக்காற்றின் வலிமையைக் கருதியே தீவின் தென்கரையோரத்தில் 30 காற்றாலைகளைக் கொண்ட ‘தம்பபவனி’ மின்னிலையம் நிறுவப்பட்டு, 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் தொடக்கிவைக்கப்பட்டது.

மண்ணின் இயல்பு இன்னும் நுணுகி ஆராயத்தக்கது. மன்னார் மாவட்டத்தில் ஒரு பகற்பொழுது வண்டியோட்டுவோன் நான்கு வகை நிலத்தைக் கடப்பான். தீவில் வெண்மணல். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உவர்ச்சேறு. கோடையில் இஃது உப்புப் படிந்து ஏடுபோல் இறுகும். எனினும் அவ்வேட்டை நம்பி வண்டியை விடுதல் தகாது, அடியில் ஈரம் இருக்கும். முருங்கனைச் சூழ்ந்த வயற்பகுதிகளிற் கருங்களி. இது நீர்பட்டால் வீங்கும், உலர்ந்தால் பாளம்பாளமாக வெடிக்கும். மாரியில் இக்களி சக்கரத்திற் பற்றிக்கொண்டு, மட்காப்புக்கும் வட்டத்துக்கும் இடையே இறுகி, வண்டியையே நிறுத்திவிடும். ஈற்றில் வண்டி ஓட்டுவோனைச் சுமந்த நிலை மாறி, ஓட்டுவோன் வண்டியைச் சுமக்க நேரும். தெற்கே சிலாவத்துறைக்கும் மறிச்சுக்கட்டிக்கும் செல்லச்செல்லச் செம்மண். அதன் அடியிற் சுண்ணக்கல். நால்வகை நிலத்தினும் வண்டிக்கு மிக உகந்தது செம்மண்ணே. மிகக் கொடியது மாரிக்காலத்துக் கருங்களி.

கிறவல் என்பது இந்நால்வகையினும் வேறானது. வெப்பநாடுகளில் மழையும் வெயிலும் மாறிமாறித் தாக்குதலால் பாறைகள் சிதைந்து, கரைவன கரைந்தோடிப்போக, இரும்பின் துருவேறிய செந்நிறக் கற்குறுணிகள் எஞ்சுகின்றன. இவற்றைக் களியோடு கலந்து பரப்பி, நீர் தெளித்து உருளையால் நெருக்கினால், குறுணி பாரத்தைத் தாங்கும். களி அவற்றைப் பிணிக்கும். இரண்டும் அளவாக அமைதல் வேண்டும். களி மிகுந்தால் மாரியில் வழுக்கும். குறுணி மிகுந்தால் கோடையிற் சிதறும். தீவில் இப்பொருள் இயற்கையாகக் கிடைப்பதில்லை. பெருநிலத்தினின்றும் பாலத்தைக் கடந்து வரவேண்டும். ஆகவே தீவின் உள்ளூர்ப் பாதைகளிலே கிறவல் இட்ட பகுதி முடிந்து மணல் தொடங்குமிடம் எவ்வித அறிவிப்புமின்றி வந்துவிடும். அங்கே முன்சக்கரம் புதைய, வண்டியோட்டி தலைகுப்புற விழுதலும் உண்டு.

கிறவல் வீதிகளிலே குறுக்கலைகள் தோன்றுவதை யாவரும் அறிவர். தகரக் கூரையைப் படுக்கவைத்தாற்போன்று மேடும் பள்ளமும் ஒழுங்காக மாறிமாறி வரும் இத்தோற்றத்துக்குக் காரணம் மழையென்றே பலர் எண்ணுவர். அது பிழை. சக்கரம் ஒரு குறித்த வேகத்துக்கு மேற்படும்போது, வழியிலுள்ள சிறு மேட்டில் ஏறித் துள்ளுகின்றது. விழுமிடத்தே கிறவலைத் தோண்டி முன்னே குவிக்கின்றது. அக்குவியல் அடுத்த துள்ளலுக்கு இடமாகின்றது. இதனை அவுஸ்திரேலியாவில் ஆராய்ந்த கீத் மேதர் என்பார் 1960களின் தொடக்கத்திற் பரிசோதனை மூலம் விளக்கினார். மெல்லச் செல்லும் சக்கரம் இவ்வலைகளைப் பிறப்பிப்பதில்லை. ஆகவே துவிச்சக்கர வண்டிகள் மாத்திரம் செல்லும் கிறவல் வழி ஆண்டுகள் பலவாயினும் சமனாகவே இருக்கும். வேகமான ஊர்திகள் நுழைந்த சில வாரங்களிற் கெட்டுவிடும். ஊர்திகளற்ற வழி ஓசையின்மையால் மட்டுமன்றித் தன் மேற்பரப்பாலும் சிறந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இனி வண்டியைப் பற்றிச் சில. 1888ஆம் ஆண்டு ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த றப்பர் வளையத்தை ஆக்கியது, கரடான பாதையில் மகன் ஓட்டிய வண்டியின் அதிர்ச்சியைத் தணிப்பதற்கே என்பர். பின்னர் வீதிகள் மழமழப்பாகவே, பந்தய வண்டிகளின் வளையங்கள் மெலிந்து விரலளவாயின. இன்று கிறவல் வழிக்கெனத் தனியே விற்கப்படும் விலையுயர்ந்த வண்டிகளிலே 40 மில்லிமீற்றர் அளவான அகலமுள்ள வளையங்களைப் பூட்டி, சதுர அங்குலத்துக்கு 30 முதல் 45 இறாத்தல் வரை காற்றடைத்து, அதனைப் புதுமையெனப் போற்றுகின்றனர். வடமாகாணத்து வீடுகள்தோறும் பரம்பரையாகப் பேணப்பட்ட றலி வண்டியும், பிற்காலத்துச் சாதாரண லுமாலா வண்டியும் கொண்டிருந்த 28 அங்குல விட்டமும் ஒன்றரை அங்குல அகலமுமான வளையம் ஏறத்தாழ இதே அளவினதாகும்! உலகம் பெருஞ்செலவிற் கண்டறிந்த பொருள் நம்மவர் திண்ணையோரத்தில் முன்னரே சாய்ந்து நின்றது. பல்லிணைப்புக் கியரும் எடைக் குறைவும் அவ்வண்டிக்கு இல்லையென்பது உண்மையே. ஆனால் மேடில்லாத மன்னாருக்குக் கியர் எதற்கு?

இவ்வண்டி இப்பகுதியில் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. 1990களில் வடபகுதியின் பெரும்பாகத்துக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது விறகும் நெல்லும் நோயாளியும் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றனர். 2022ஆம் ஆண்டு நாடெங்கும் எரிபொருள் அற்றபோது, ஆசிரியரும் உத்தியோகத்தரும் தூசிபடிந்த வண்டிகளை மீண்டும் இறக்கினர். இன்றும் குளக்கட்டு வழியே மாணவர் வண்டியிற் செல்லும் காட்சி அருகிவிடவில்லை. பிறநாட்டார் பொழுதுபோக்கென நாடும் வழி இவர்க்குப் பள்ளிக்கூடத்து வழி. இந்த வேறுபாட்டை மறந்து இப்பொருளை ஆராய்தல் பயனற்றது.

வழிகளுட் சிறந்தது கட்டுக்கரைக்குளத்தின் அணைமேற் செல்லும் வழியென்பது மிகையாகாது. தாதுசேன மன்னன் காலத்தது, அஃதாவது கி.பி. 5ஆம் நூற்றாண்டினது, எனக் கூறப்படும் இப்பெருங்குளம் நெடுங்காலம் பாழாய்க் கிடந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆட்சியினராற் புதுக்கப்பட்டது. அருவியாற்றின் குறுக்கே அமைந்த தேக்கம் என்னும் கல்லணை நீரைத் திருப்ப, வாய்க்கால் அதனைக் குளத்துக்குக் கொணர்கின்றது. 1954ஆம் ஆண்டு முதல் குளம் பறவைகளின் சரணாலயமுமாகும். அணையின்மேற் செல்வோனுக்கு ஒருபுறம் நீர்ப்பரப்பு. மறுபுறம், காலுக்குக் கீழே, வயல். மன்னாரில் உயரத்திலிருந்து நிலத்தை நோக்கும் வாய்ப்புத் தருவது இந்த அணையொன்றே எனலாம். மருதமரங்களும் ஆங்காங்கே நிழல் தரும். குளக்கட்டு நீரைத் தாங்குவதற்கு அமைந்ததேயன்றிப் பாரவூர்தியைத் தாங்குவதற்கன்று. உழவு இயந்திரங்கள் இழுக்கும் பெட்டிகள் அதன் தோளை உடைக்கின்றன. துவிச்சக்கர வண்டி அதற்கு ஒரு தீங்கும் செய்யாது. அணையினின்று வாய்க்காற் கரையைப் பற்றித் தேக்கத்தின் பக்கம் சென்றால், குஞ்சுக்குளத்தில் ஆற்றின் மேலுள்ள தொங்குபாலத்தை அடையலாம். அதன்மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டே செல்லல் வேண்டும்.

மாதோட்டத்தின் பழமை பற்றி இங்கே விரித்தல் வேண்டா. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம், அதன் பாலாவித் தீர்த்தம், போர்த்துக்கேயர் காலத்தழிவு, 1872ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோள் ஆகியவற்றை இக்கல்லூரிச் சூழலிலே அறியாதார் இலர். வண்டியோட்டிக்கு அங்கே காணக்கிடைப்பது வேறொன்று: கோயிலைச் சூழ்ந்த மேட்டு நிலத்திற் பழைய நகரின் ஓடும் செங்கற்றுண்டும் மண்ணோடு கலந்து கிடத்தல். 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் அங்கே நடந்த அகழ்வில் சீனம், பாரசீகம் முதலிய நாடுகளின் மட்கலங்கள் வெளிப்பட்டன. அந்நிலத்தில் தடத்தைவிட்டு விலகி வண்டியோட்டுதல், படிக்கப்படாத ஏட்டின்மேல் நடத்தலை ஒக்கும்.

தீவுக்குச் செல்லக் கடல்வழிப் பாலம் ஒன்றே உண்டு. 1990ஆம் ஆண்டு பழைய பாலம் தகர்க்கப்பட்டது. 2010ஆம் ஆண்டு யப்பானிய உதவியாற் புதியது திறக்கப்பட்டது. இருமருங்கும் பரந்த வங்காலைச் சரணாலயம் 2010 முதல் றம்சார் ஈரநிலங்களுள் ஒன்று. மாரிக்காலத்தில் வடபுலத்தினின்றும் வரும் ஊசிவால் வாத்துகளும், பூநாரைகளும் நீரை மூடிக்கிடப்பதைக் காணலாம். இப்பாலவழி ஊர்தி மிக்கது. விடியற்காலையிற் கடப்பதே நன்று. தீவினுள் மன்னார் நகரையடுத்துப் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை, அராபிய வணிகர் ஆபிரிக்காவினின்று கொணர்ந்ததன் எச்சமென்பர். அதன் அடி 19 மீற்றருக்கு மேற்பட்ட சுற்றளவினது. பெருவீதி தீவின் நடுவே தலைமன்னாருக்குச் செல்லும். அதனின்றும் விலகித் தென்கரையோரம் செல்லும் வழிகளில், காற்றாலைகளுக்கென அமைந்த கிறவல் வீதிகளும் உள. ஓட்டுவதற்கு அவை எளியன. ஆயினும் உயர்த்தி இடப்பட்ட அவ்வீதிகள் மழைநீர் கடலுக்கு வடிவதைத் தடுத்துக் குடியிருப்புகளை வெள்ளத்தில் ஆழ்த்துகின்றன என்பது ஊர்மக்களின் முறைப்பாடு. 2025ஆம் ஆண்டு புதிய காற்றாலைகளையும் கனிய மணல் அகழ்வையும் எதிர்த்து மன்னார் மக்கள் நிகழ்த்திய போராட்டத்தில் இம்முறைப்பாடும் ஒன்று. ஒருவர்க்கு நல்வழியாய் அமைந்தது மற்றொருவர் வீட்டுக்கு அணையாய் நிற்றலுங் கூடும்.

புகையிரத வழியைப் பற்றியும் ஒரு சொல். 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்டுத் தனுக்கோடிக் கப்பலோடு இணைந்திருந்த தலைமன்னார்ப் பாதை, 1964ஆம் ஆண்டுச் சூறாவளியில் தனுக்கோடி அழிந்தபின் இராமேசுவரத்தோடு இணைந்து, 1990இல் முற்றாக நின்றது. தண்டவாளமற்ற அதன் மேடு இருபத்தைந்து ஆண்டுகள் வெறுமையாய்க் கிடந்தது. பிறநாடுகளிலே கைவிடப்பட்ட இத்தகைய தடங்கள் துவிச்சக்கர வழிகளாக மாற்றப்படுகின்றன. இங்கே 2015ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் புகைவண்டியே திரும்பி வந்தது. வண்டியோட்டிகளுக்கு அஃது இழப்பெனினும், அதனை இழப்பெனக் கருதுவார் இம்மாவட்டத்தில் எவருமிலர்.

உண்மையான சிக்கல் தெற்குக் கரையிலே உளது. வங்காலையினின்று அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி வழியாக மறிச்சுக்கட்டிக்குச் செல்லும் நிலம் பழைய முத்துக்குளிப்பின் களம். 1906ஆம் ஆண்டுச் சலாபத்தின்போது இளம் உத்தியோகத்தராயிருந்த லெனாட் வூல்ஃப் மறிச்சுக்கட்டியிற் பணியாற்றினார். தேசாதிபதி பிரெடறிக் நோத் 1801 முதல் 1804 வரை அரிப்பிற் கட்டுவித்த மாளிகை, அதனடியிலுள்ள மண்மேட்டைக் கடல் அரித்தலாற் சிறிதுசிறிதாக விழுந்துகொண்டிருக்கின்றது. பெருவீதி இன்று தார்மயம். கரைக்கும் குளங்களுக்கும் பிரியும் கிளைவழிகளே செங்கிறவலாக எஞ்சியுள. மறிச்சுக்கட்டிக்குத் தெற்கே மோதரகமாற்றைக் கடந்து, 1938 முதல் தேசிய வனமாக விளங்கும் வில்பத்துவினூடே, கலா ஓயாவைத் தாண்டி எழுவன்குளத்துக்கும் புத்தளத்துக்கும் செல்வது பழைய கரையோர வழி. போர்க்காலத்தில் மூடுண்டிருந்த அவ்வழி 2010ஆம் ஆண்டு மீளத் திறக்கப்பட்டபோது, சூழலியலாளர் உயர் நீதிமன்றத்தை நாடினர். விலங்குகளின் உறைவிடத்தை வீதி இரண்டாகப் பிளக்கும், வேகமான ஊர்திகள் அவற்றைக் கொல்லும் என்பன அவர்தம் வாதங்கள், இவை வலிமையுடையனவே.

எதிர்வாதத்துக்கும் வலிமையுண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டனர். எருக்கலம்பிட்டியிலும் முசலியிலும் வாழ்ந்தோர் புத்தளத்துக் கரையிலே அகதிகளாக இரு தலைமுறை கழித்தனர். போர் முடிந்தபின் முசலிக்குத் திரும்பியோர்க்குப் பிள்ளைகளின் பள்ளியும் உறவினரும் தொழிலும் புத்தளத்தில். காணியும் பள்ளிவாசலும் முசலியில். இரண்டுக்கும் இடையே அக்கரையோர வழி மூடுண்டால், மதவாச்சியையும் அநுராதபுரத்தையும் சுற்றியே செல்லல் வேண்டும். கிறவலின் அழகைப் பாடுவோர் இவர்களிடம் அதனைச் சொல்லத் துணிவாரா? பிரசவ வேதனையிலுள்ள பெண்ணை ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் குறுக்கலையும் குழியும் அழகாகா.

ஆகவே தஸ்கனியின் கணக்கை மன்னாருக்கு அப்படியே பொருத்துதல் இயலாது. ஊரையும் வைத்தியசாலையையும் இணைக்கும் வீதிகள் தார் பெறுதல் நீதி. குளக்கட்டு, வாய்க்காற்கரை, கரையோரக் கிளைவழி ஆகியவை வேறு. அவை ஊர்திக்கென ஆனவையல்ல. தார் இட்டால் ஊர்தி வரும், ஊர்தி வந்தால் கட்டு உடையும். அவ்வழிகளைக் கிறவலாகவே வைத்து, ஆண்டுதோறும் மாரிக்குப்பின் மட்டப்படுத்தி, வாயிலில் துவிச்சக்கர வண்டியும் கால்நடையும் மாத்திரம் நுழையத்தக்க கம்பங்களை நடுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. உழவு இயந்திரம் வயலுக்கு இறங்குவதற்கு வேறு வழி விடப்படல் வேண்டும் என்பதொன்றே விவசாயிகளோடு கலந்து தீர்க்கவேண்டியது. வில்பத்து வனத்தினுள்ளோ துவிச்சக்கர வண்டிக்கு இடமேயில்லை. யானையும் கரடியும் சிறுத்தையும் வாழுமிடம் அது.

செல்லக் கருதுவார்க்குச் சில குறிப்புகள். மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதால், அக்காலத்து முருங்கன் களியைத் தவிர்க்க. தை, மாசி, பங்குனி மாதங்கள் உகந்தன. கிறவல் இறுகியிருக்கும், பறவைகளும் மீளத் தொடங்கியிரா, சோழகமும் எழுந்திராது. மாசியிற் சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் செல்லும் அடியார் கூட்டத்துக்கு வழிவிட்டு மெல்லச் செல்க. மணலில் வளையத்தின் காற்றைச் சிறிது குறைத்துக்கொள்க. குடிநீரை ஊரிலே நிரப்பிக்கொள்க. கரையோரக் கிணறுகள் பல உவரானவை. இவை யாவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. போர்க்காலத்துக் கண்ணிவெடிகள் பல ஆண்டுகளாக அகற்றப்பட்டு வந்தபோதிலும், பெருநிலத்துக் காடுகளிற் சிவப்புத் தலையோடு அறிவிப்பு நிற்குமிடத்தில் ஓரடியும் எடுத்துவைத்தலாகாது. சக்கரத்தடம் பதிந்த வழியே செல்க. தடம் இல்லாதவிடத்து ஊராரைக் கேட்டறிக. மாடு மேய்ப்போர் அவ்வழிகளை எந்த வரைபடத்தினும் நன்கறிவர்.